குவாரி விரிவாக்கம்: முதலில் பழைய குழியைக் காட்டுங்கள்

ஒரு கல் குவாரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. குத்தகை இருக்கிறது, சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறது, கிரஷருக்குத் தினமும் கல் போகிறது. பக்கத்து நிலத்தையும் சேர்த்துத் தோண்டலாம், அல்லது இருக்கிற இடத்திலேயே ஆண்டுக்கு இரண்டு மடங்கு எடுக்கலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார். "அதான் அனுமதி இருக்கே, அதையே கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும்.

போதாது. சுற்றுச்சூழல் அனுமதி என்பது 'இந்த ஆள் கல் உடைக்கலாம்' என்று பொதுவாகக் கொடுக்கிற உரிமம் அல்ல. இந்தச் சர்வே எண்கள், இத்தனை ஹெக்டேர், இத்தனை கன மீட்டர், இத்தனை மீட்டர் ஆழம், இத்தனை ஆண்டு என்று அளந்து கொடுப்பது. அதில் பரப்போ அளவோ ஆழமோ கூடினால், கூடுவதற்கு முன்பே, சுற்றுச்சூழல் அனுமதி தரும் ஆணையத்தின் முன் மறுபடி போய் நிற்க வேண்டும். அப்படிப் போய் நிற்கும்போது புதிதாகத் தோண்டப்போகும் குழியைப் பற்றிக் கேட்பார்கள்தான். ஆனால் அதற்கு முன் பழைய குழியைப் பற்றிக் கேட்பார்கள். முதன்முறை குவாரி தொடங்குபவருக்கும் விரிவாக்கம் கேட்பவருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

மூன்று தாள்கள், மூன்று அலுவலகங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'குவாரிக்கு அனுமதி வாங்கிவிட்டார்கள்' என்று ஊரில் பேசிக்கொள்ளும்போது, அது எந்த அனுமதி என்று கேட்க வேண்டும். குத்தகை என்பது கனிமத்தை எடுக்கும் உரிமை. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி அது மாவட்ட நிர்வாகமும் புவியியல் மற்றும் சுரங்கத் துறையும் சம்பந்தப்பட்டது. சுரங்கத் திட்டம் என்ற ஆவணத்துக்கு ஒப்புதல் தருவதும் அந்தத் துறைதான். சுற்றுச்சூழல் அனுமதி வேறு. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரும்பாலான குவாரிகளுக்கு அதைத் தருவது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். மூன்றாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. இது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழும் வருவது. ஒன்று கையில் இருப்பதால் மற்றொன்று இருப்பதாக ஆகாது. நாம் பேசப்போவது நடுவில் உள்ளதைப் பற்றி மட்டும்.

5 ஹெக்டேர் என்ற கோடு

சிறிய குவாரிகளுக்கு முன்பெல்லாம் இந்த அனுமதியே தேவைப்படவில்லை. 5 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் விலக்கு. விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிலத்தை 4.9, 4.8 என்று துண்டு போட்டுக் குத்தகை வாங்கினார்கள். தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது.

ஆனால் 5 ஹெக்டேர் என்ற கோடு அழிந்துவிடவில்லை, வேறு வேலைக்கு வந்தது. இன்று அந்த அளவுக்குள் தனியாக இருக்கும் குவாரி 'பி2' வகை. அதற்கு முழு ஆய்வறிக்கை வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். கோட்டைத் தாண்டினால் 'பி1'. தாக்க மதிப்பீட்டு அறிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டம், எல்லாம் உண்டு.

இங்கேதான் விரிவாக்கம் ஆளை மாட்டிவிடும். 3.5 ஹெக்டேர் குவாரி வைத்திருப்பவர் பக்கத்தில் 2 ஹெக்டேர் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5.5. முதல் தடவை சில ஆவணங்களோடு முடிந்த வேலை, இப்போது ஊர் மக்கள் முன் மைக் வைத்துப் பதில் சொல்லும் வேலையாக மாறிவிடுகிறது. சரி, அந்த 2 ஹெக்டேரைத் தனிக் குவாரியாக, தம்பி பெயரில் கேட்டால்? அதற்கும் பதில் இருக்கிறது. ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கு வேறு குத்தகைகள் இருந்தால், அவற்றைத் தொகுப்பாகக் கொண்டு பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று 2016 ஜனவரி 15-இன் திருத்தம் சொல்கிறது. கூட்டுத்தொகை 5 ஹெக்டேரைத் தாண்டினால், யார் பெயரில் இருந்தாலும் 'பி1'தான். அதனால் விண்ணப்பத்தோடு, 500 மீட்டர் சுற்றளவில் ஓடுபவை, முடிந்துபோனவை, விண்ணப்பத்தில் இருப்பவை என்று எல்லாக் குவாரிகளையும் பட்டியலிட்டு மாவட்டக் கனிம அலுவலகம் தரும் கடிதத்தை இணைக்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர் முதலில் புரட்ட வேண்டிய தாள் அது என்பேன்.

2016-இல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் ஆணையம் அமைத்து, சிறு குவாரிகளுக்கு அங்கேயே அனுமதி கொடுத்தார்கள். 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. அதன் பிறகு வேலை மாநில ஆணையத்துக்குப் போய்விட்டது. இடைப்பட்ட காலத்தில் மாவட்ட அளவில் வாங்கிய அனுமதிகளை மாநில ஆணையம் மறுபடி ஆராய வேண்டும் என்று 2023-இல் மத்திய அமைச்சகம் சொன்னது. ஆக, பழைய அனுமதி எந்த ஆணையம் தந்தது என்பதும் கேள்விதான்.

பழைய கணக்கு

விரிவாக்கம் கேட்பவர், முந்தைய அனுமதியில் சொன்ன நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றியிருக்கிறார் என்று அதிகாரிகள் நேரில் பார்த்துச் சான்றிட்ட அறிக்கை வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து இதை வாங்குவது வழக்கம். 'எல்லாம் செய்துவிட்டோம்' என்று உரிமையாளரே எழுதிக்கொடுத்தால் செல்லாது.

எதைப் பார்ப்பார்கள்? வேலி, எல்லைத் தூண்கள், மரக்கன்றுகள், மழைநீர் வடிகால், சாலையில் தண்ணீர் தெளிப்பது. இவையெல்லாம் கொஞ்சம் செலவு செய்தால் ஒரு மாதத்தில் சரிபண்ணிவிடக்கூடியவை. சரிபண்ண முடியாதது ஒன்று உண்டு: குழியின் வடிவம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குவாரியை நேர்க்குத்தாக வெட்டக்கூடாது. 5 மீட்டர் இறங்கினால் 5 மீட்டர் அகலத்துக்குத் தளம் விட்டு, மறுபடி 5 மீட்டர் இறங்க வேண்டும் என்று சுரங்கத் திட்டங்களில் படிகள் வரைந்திருப்பார்கள். எல்லையிலிருந்து 7.5 மீட்டரும் தொடாமல் விட வேண்டும். 100 மீட்டர் அகலமுள்ள நிலம் என்றால் இரு பக்கமும் 7.5 போக மிச்சம் 85 மீட்டர். 40 மீட்டர் ஆழம் போக எட்டு படிகள். இடையில் ஏழு தளங்கள், ஒவ்வொன்றும் 5 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 35 மீட்டர், இரு பக்கமும் 70. அடியில் மிஞ்சுவது 15 மீட்டர் அகலம்தான்! மேலே 100 மீட்டர் நிலத்துக்குக் குத்தகை கட்டியவருக்குக் கீழே ஒரு டிப்பர் திரும்பும் அளவுக்கு இடம். அவர் தளங்களை விடாமல் சுவர் போல வெட்டத் தொடங்குவது இந்தக் கணக்கினால்தான். தளமாக விடுகிற ஒவ்வொரு மீட்டரும் அவருக்கு விற்காத கல்.

அப்படி வெட்டிய சுவருக்குக் கீழேதான் ஆட்கள் வேலை செய்கிறார்கள். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் குவாரிக்குள் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஆழமான பழைய குழியோடு விரிவாக்கம் கேட்டு வருபவரிடம், குழியின் சுவர் உறுதியாக நிற்குமா என்று ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களில் ஆய்வு செய்து வரச் சொல்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இதே கணக்கை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். பக்கத்து நிலத்தைச் சேர்த்தால் குழி அகலமாகும், படிகள் விட இடம் கிடைக்கும். அதாவது பரப்பைக் கூட்டுகிற விரிவாக்கம், அதே இடத்தில் ஆழத்தைக் கூட்டுவதைவிடப் பாதுகாப்பாக அமையலாம். 'விரிவாக்கம்' என்று கேட்டதுமே கெட்டது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. எது கூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், எடுத்த அளவு. லாரிக்கு லாரி போடும் நடைச்சீட்டு எத்தனை போட்டார், எடுத்த கல்லுக்கு அரசுக்குத் தரும் சீனியரேஜ் கட்டணம் எவ்வளவு கட்டினார் என்று கனிம அலுவலகத்தில் கணக்கு இருக்கும். குழியை அளந்தால் உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது டிரோன் வைத்து அளப்பதால் முன்பு போல ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டும் பொருந்தவில்லை என்றால் விஷயம் விரிவாக்கத்தோடு நிற்காது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு மேல் எடுத்த கனிமம் சட்டவிரோதமாக எடுத்தது, அதன் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று 2017 ஆகஸ்டில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஒடிசாவின் இரும்புத் தாது வழக்கு. ஆனால் அதன் நிழல் ஜல்லிக் குவாரி வரை விழுகிறது. முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அனுமதி வாங்குவது பற்றி நீதிமன்றமே இரு மனமாக இருக்கிறது. 2025 மே மாதம் அப்படிப் பிறகு தரும் அனுமதிகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தீர்ப்பை மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பப் பெற்றது. இதை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது.

புதிய குழியைப் பற்றிய ஆய்வு

பழைய கணக்கு ஒருவழியாகத் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'பி1' என்றால் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, என்னென்ன ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரையறையை வாங்க வேண்டும். அதற்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் ஒன்று மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குக் காற்று, இரைச்சல், நீர், மண், உயிரினங்கள் என்று அளந்து வரைவறிக்கை எழுதும்.

விரிவாக்கத்தில் இந்த அளவீடு சற்று விநோதமானது. புதிய இடத்தில் அளந்தால் 'குவாரி வருவதற்கு முன்' எப்படி இருந்தது என்று கிடைக்கும். இங்கே குவாரி ஏற்கெனவே இருக்கிறது. அதன் தூசியும் பக்கத்துக் குவாரிகளின் தூசியும் அந்த அளவீட்டுக்குள்ளேயே கலந்திருக்கும். நுண்தூசி பி.எம்.10-க்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இப்போதே 85 இருந்தால் கூடுதலாகச் சேர்க்க 15தான் மிச்சம். ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது எண்ணைவிட முக்கியமாக ஒன்றைத் தேடுங்கள்: அளந்த நாள்களில் குவாரியும் கிரஷரும் ஓடிக்கொண்டிருந்தனவா? நிறுத்திவைத்து அளந்தால் காற்று சுத்தமாகத்தான் இருக்கும்.

சாலைக் கணக்கு எல்லோருக்கும் புரியும், ஆனால் அறிக்கைகளில் மெலிந்து கிடப்பதும் அதுதான். ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் எடுக்கும் குவாரி 1,20,000 கேட்கிறது என்று கொள்வோம். 300 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 200 கன மீட்டர் 400 ஆகிறது. பாறையின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2.6 டன். 400 கன மீட்டர் என்றால் 1,040 டன். 20 டன் ஏற்றும் டிப்பரில் 52 லோடு. போன வண்டி திரும்ப வேண்டும், ஆக 104 முறை ஒரு டிப்பர் அந்தச் சாலையைக் கடக்கும். பத்து மணி நேரத்தில் என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. 'போக்குவரத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த ஆறு நிமிடக் கணக்கு என்னாகும் என்று கேட்கலாம்.

வெடி விஷயத்தில் நிலைமை வேறு. உற்பத்தி இரண்டு மடங்கானால் அதிர்வும் இரண்டு மடங்காகும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு வெடித்தார்கள் என்பதைவிட, ஒரே கணத்தில் எவ்வளவு வெடித்தது என்பதுதான் அதிர்வைத் தீர்மானிக்கிறது. துளைகளை மில்லி நொடி இடைவெளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைத்தால் அதிர்வு அடங்கும். பயப்பட வேண்டியது தூரம் குறைவதற்கு. குவாரியின் முகப்பு வீட்டை நோக்கி நகர்ந்து தூரம் பாதியானால், அதே வெடிக்கு அதிர்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். பாறையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். குடியிருப்பு வீடுகளுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வைத்திருக்கும் வரம்பு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் என்றால் நொடிக்கு 5 மில்லிமீட்டர். மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரி கூடாது என்று மாநில விதியும் இருக்கிறது. அந்தச் சுற்றளவில் வீடு, கோயில் என்ன இருக்கிறது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று தருகிறார். விரிவாக்கத்தில் இந்த 300 மீட்டரைப் பழைய எல்லையிலிருந்து அல்ல, புதிய எல்லையிலிருந்து அளக்க வேண்டும். சான்றின் தேதியையும் சர்வே எண்ணையும் பார்த்தால், பழைய சான்றையே மறுபடி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக: நம் கடினப்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பாறையின் விரிசல்களில்தான் இருக்கிறது. குழி அந்த மட்டத்துக்குக் கீழே போனால் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் குழியை நோக்கி வரும். ஆகவே ஆழம் கூடுகிற விரிவாக்கத்தில் கிணற்றுப் பட்டியலும், கோடையில் அவற்றின் நீர்மட்டமும் அறிக்கையில் இருக்க வேண்டும். தேசியப் பூங்காவோ வனவிலங்குச் சரணாலயமோ அருகில் இருந்தால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அவசியமே வராது. அவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கூட்டம்

வரைவறிக்கை தயாரானதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்து, மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட ஆட்சியருக்குக் குறையாத பதவியில் உள்ள அவரது பிரதிநிதி தலைமை தாங்குவார். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கணக்கு எதுவும் கிடையாது. வர முடியாதவர் எழுதியும் கொடுக்கலாம்.

இது வாக்கெடுப்பு அல்ல. நூறு பேர் எதிர்த்தால் அனுமதி இல்லை என்றோ, நூறு பேர் கைதட்டினால் அனுமதி என்றோ ஆகாது. ஆனால் எழுந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் இறுதி அறிக்கையில் விண்ணப்பதாரர் பதில் சொல்ல வேண்டும். அதனால் 'குவாரி வேண்டாம்' என்ற கோஷத்தைவிட, 'வடக்கு எல்லையிலிருந்து 180 மீட்டரில் இருக்கும் என் கிணறு உங்கள் பட்டியலில் இல்லை' என்ற ஒரு வரிக்குப் பலம் அதிகம். கோஷத்துக்குப் பதிலாக 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிவிட்டுப் போகலாம். கிணற்றுக்கு அப்படி எழுத முடியாது. உரிமையாளர் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூட்டத்தில் கொடுக்கும் வாக்குறுதிகள் காற்றோடு போவதில்லை. செலவுத் தொகையோடும் காலக்கெடுவோடும் அவற்றைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் எழுதச் சொல்வார்கள்.

முடிவெடுப்பவர்கள் யார்

இறுதி அறிக்கை முதலில் மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அவர்கள் கேள்வி கேட்பார்கள், தேவைப்பட்டால் நேரில் வருவார்கள், பரிந்துரை செய்வார்கள். முடிவெடுப்பது ஆணையம். இரண்டும் ஒன்று என்று நினைத்து, குழு பரிந்துரைத்ததுமே அனுமதி கிடைத்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. குழுவுக்கு 60 நாள், ஆணையத்துக்கு 45 நாள் என்று அறிவிக்கை காலம் வகுத்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தர விண்ணப்பதாரர் ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் அது அந்தக் கணக்கில் வராது.

கேட்டதை அப்படியே கொடுப்பார்கள் என்றும் இல்லை. 45 மீட்டர் கேட்டவருக்கு ஆழத்தைக் குறைத்துக் கொடுப்பது, ஆண்டு உற்பத்தியை வெட்டுவது, குறிப்பிட்ட பகுதியைத் தொடாமல் விடச் சொல்வது எல்லாம் நடக்கும். விரிவாக்க அனுமதி வந்த பிறகு செல்லுபடியாவது அதில் உள்ள எண்கள்தான், விண்ணப்பத்தில் கேட்ட எண்கள் அல்ல. அந்த ஆணையை ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். ஆணையில் குறை இருப்பதாக நினைப்பவர் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டுக்கு அது சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைப் பொறுப்பார்கள். 90 நாள் கடந்துவிட்டால் எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் அந்தக் கதவு மூடிவிடும்.